பங்கசும் வேரும்: பிரசுரமாகாத ஒரு கடிதம்

1997 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்து இரவொன்றில், நான் கடமையாற்றிய பத்திரிகையின் காரியாலயத்துக்கு வெளிநாட்டுச் செய்திச் சேவையொன்றின் மூலம் சிறிய விஞ்ஞானச் செய்தி ஒன்று வந்துசேர்ந்தது. கனடாவின் காடொன்றில் மரங்கள் நிலத்தின் கீழுள்ள பங்கசு இழைகள் வழியாக ஒன்றுக்கொன்று உணவைப் பரிமாறிக்கொள்கின்றன என்று 'நேச்சர்' சஞ்சிகையில் ஆய்வுக்கட்டுரை வெளியாகியிருப்பதாக அதில் சொல்லப்பட்டிருந்தது. வன்னிப் போர்ச் செய்திகளே பக்கங்களை நிறைத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. அவற்றுக்கு நடுவே இப்படியொரு செய்தி கையில் கிடைத்தது மனதுக்கு ஆறுதலாக இருந்தது. உடனே மொழிபெயர்த்தேன். மொழிபெயர்த்ததோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 'காட்டின் பெரிய மரங்கள் தமது கன்றுகளுக்கு வேர் வழியே உணவூட்டி வளர்க்கின்றன' என்று என் சொந்தச் சரக்காக ஒரு வாக்கியத்தையும் சேர்த்துவிட்டேன். தலைப்பும் அதையொட்டியே அமைந்தது.

சில வாரங்கள் கழித்து வடக்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தரைப்பாதை மூடிக்கிடந்த அந்தக் காலத்தில் அங்கிருந்து கொழும்புக்கு ஒரு கடிதம் வந்துசேருவதே பெரிய காரியம். எழுதியவர் இளைப்பாறிய தாவரவியல் ஆசிரியர். புகழ்ச்சியும் இல்லை, கண்டனமும் இல்லை. மூன்று கேள்விகள் மாத்திரமே இருந்தன. சோதிக்கப்பட்டவை பெரிய மரங்களா, நாற்றுகளா? பரிமாறப்பட்டது எவ்வளவு? அது பங்கசின் வழியாகத்தான் போனதே தவிர மண்ணின் வழியாகப் போகவில்லை என்று எப்படிக் கண்டார்கள்? என்னிடம் பதில் இருக்கவில்லை. கடிதத்தை மேசை இலாச்சிக்குள் வைத்தேன். அது பிரசுரமாகவில்லை.

அந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடும் அவகாசம் எனக்கு இளைப்பாறிய பின்னரே வாய்த்தது. தேடப்போனால் 1997 இல் நிற்கமுடியவில்லை. நூறு வருடங்களுக்கும் மேலாகப் பின்னே செல்ல வேண்டியிருந்தது. அங்கே நான் கண்டது எனது கதையின் மறுபக்கம். நான் ஆதாரத்துக்கு மேலாக நம்பினேன். இந்த விடயத்தை முதலில் கண்டு சொன்ன மனிதரையோ, ஆதாரத்தைக் காட்டிய பின்னரும் அவரது துறையைச் சேர்ந்த பலர் நம்ப மறுத்தார்கள்.

அந்த மனிதரின் பெயர் அல்பேர்ட் பேர்ன்ஹார்ட் பிராங்க். 1839 இல் ஜேர்மனியின் ட்றெஸ்டன் நகரில் பிறந்தவர். லைப்சிக்கில் கற்று, 1881 இல் பேர்லினில் உள்ள விவசாய உயர்கல்லூரியில் தாவர உடற்றொழிலியல் பேராசிரியரானார். பிரஷ்ய அரசின் விவசாய அமைச்சு அவரிடம் ஒப்படைத்த வேலை மர வேர்களைப் பற்றியதே அல்ல. ட்ரஃபிளைப் பயிரிட வழியுண்டா என்று கண்டறியும்படியே அவரைக் கேட்டார்கள்.

ட்ரஃபிள் என்பது நிலத்துக்கடியில் சிறிய உருளைக்கிழங்கு போல விளையும் ஒரு பங்கசு. ஐரோப்பிய செல்வந்தர்களின் உணவு மேசையில் அதற்குத் தங்கத்துக்கு ஒப்பான மதிப்பு. ஓக், ஹேசல் போன்ற மரங்களின் வேர்களை அண்டித்தான் கிடைக்கும். பன்றியையோ நாயையோ பழக்கி, மோப்பம் பிடிக்கவைத்துத் தோண்டியெடுப்பார்கள். பிரான்சின் தென்பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யோசப் தலோன் என்ற விவசாயி, ட்ரஃபிள் கிடைக்கும் ஓக் மரங்களின் விதைகளைப் பொறுக்கி நட்டார். பல வருடங்கள் கழித்து அந்தப் புதிய மரங்களின் அடியிலும் ட்ரஃபிள் எடுத்தார். அங்கே அது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. மரத்துக்கும் ட்ரஃபிளுக்கும் என்ன உறவு என்பது அந்த விவசாயிகளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் அவர்களுக்கு இருக்கவில்லை. பிரஷ்யாவுக்கோ அந்த வருமானம் தனக்கும் கிடைக்கவேண்டும் என்ற ஆசை.

பிராங்க் மரங்களின் அடியைத் தோண்டினார். பிரஷ்யாவுக்கு ட்ரஃபிள் விளைவித்துக் கொடுக்க அவரால் இறுதிவரை முடியவில்லை. ஆனால் தோண்டிய இடங்களில் அவர் வேறொன்றைக் கண்டார். ஓக், பீச், ஹோர்ன்பீம், ஹேசல், செஸ்நட் ஆகிய மரங்களின் உணவுறிஞ்சும் நுனிவேர்கள் தனியாக இருக்கவில்லை. ஒவ்வொரு நுனியையும் பங்கசு இழைகள் நெருக்கமாகப் பின்னி, கைக்கு உறை போட்டதுபோல மூடியிருந்தன. வேர்மயிர்கள் என்று பாடசாலையில் நாம் படம் கீறிப் படித்தவை அந்த வேர்களில் காணப்படவில்லை. உறையிலிருந்து சில இழைகள் உள்ளே சென்று, வேரின் கலங்களைத் துளைக்காமல் அவற்றுக்கிடையே வலைபோலப் படர்ந்திருந்தன. வேறு சில இழைகள் வெளியே மண்ணுக்குள் நீண்டு சென்றன. மண்ணுக்கும் மரத்துக்கும் நடுவே இந்தப் பங்கசைத் தொடாமல் எதுவும் போகமுடியாது என்ற நிலை.

அந்த வலை முற்றிலும் புதிதாகக் காணப்பட்டதும் அல்ல. தியோடர் ஹார்ட்டிக் என்ற ஜேர்மன் வனவியலாளர் 1840களிலேயே பைன் வேரை நுணுக்குக்காட்டியில் பார்த்து அதைத் துல்லியமாக வரைந்திருந்தார். ஆனால் அது ஒரு பங்கசு என்பது அவருக்குத் தோன்றவில்லை. மரத்தின் சொந்த உறுப்பு என்றே எண்ணிவிட்டார். இன்று அந்த வலைக்கு அவருடைய பெயரே வழங்குகிறது என்பது விஞ்ஞான வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று.

பிராங்கின் வாதம் எளிமையானது. இந்த உறை நோய் என்றால், தோண்டிய இடமெல்லாம், இளமரத்திலும் முதுமரத்திலும், செழித்து நிற்கும் மரங்களில் எப்படி இருக்கமுடியும்? ஆகவே இது நோயாக இருக்கமுடியாது. இரண்டு உயிர்கள் சேர்ந்து நடத்தும் கூட்டுக் குடும்பம். மரம் தான் தயாரித்த உணவில் ஒரு பங்கைப் பங்கசுக்குக் கொடுக்கிறது. பங்கசு மண்ணிலிருந்து நீரையும் போசணையையும் எடுத்து மரத்துக்குக் கொடுக்கிறது. மரத்துக்குப் பங்கசு செவிலித்தாய் போன்றது என்று அவர் உவமித்தார். பங்கசையும் வேரையும் குறிக்கும் இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டி 'மைக்கொறைசா' என்று அந்தக் கூட்டுறுப்புக்குப் பெயரிட்டார். 1885 ஆம் ஆண்டு ஜேர்மன் தாவரவியற் சங்கத்தின் வெளியீட்டில் இது பிரசுரமானது.

அந்த ஆண்டை மனதில் வைத்துக்கொண்டு நமது தீவைச் சற்றுத் திரும்பிப் பார்க்கவேண்டும். 1869 இல் இலங்கையின் கோப்பிச் செடிகளில் செம்மஞ்சள் தூளாக ஒரு நோய் தோன்றியது. ஹெமிலியா வஸ்டாட்றிக்ஸ் என்று பெயரிடப்பட்ட பங்கசே அதற்குக் காரணம். 1880 இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானியை இங்கு அனுப்பினார்கள். இரண்டு வருடங்கள் தங்கி அதன் வாழ்க்கை வட்டத்தை அவர் விளக்கினாரே தவிர, கோப்பியைக் காப்பாற்ற முடியவில்லை. 1885 அளவில் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்கள் அழிந்து, தேயிலை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. கோப்பித் தோட்டங்களை நம்பி வந்த தமிழகத் தொழிலாளர்களின் வாழ்க்கையும் அதனோடு சேர்ந்து புரண்டது. அயர்லாந்தில் 1845 முதல் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும் பஞ்சத்தைக் கொண்டுவந்ததும் அன்றைய கணக்கில் ஒரு பங்கசுதான் (இன்றைய வகைப்பாட்டில் அது பங்கசு அல்ல என்பது வேறு விடயம்). தாவர நோயியல் என்ற துறையே பங்கசை எதிரியாகக் கண்டுபிடித்ததால் பிறந்த துறை. அப்படிப்பட்ட காலத்தில் ஒருவர் எழுந்து, காடுகள் நிற்பதே பங்கசின் தயவில்தான் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

மியூனிச்சில் இருந்த றொபேர்ட் ஹார்ட்டிக் நம்பவில்லை. அவர் அக்காலத்து மர நோயியலில் முதல்வர். முன்பு சொன்ன தியோடர் ஹார்ட்டிக்கின் மகனும்கூட. வேரில் பங்கசு என்றால் அது ஒட்டுண்ணியே என்பது அவரது நிலைப்பாடு. எர்லாங்கனில் இருந்த மக்ஸ் றீஸ் 1880 இலேயே பைன் வேர்களில் இப்படியொரு பங்கசைக் கண்டு, அதை ஒட்டுண்ணி என்று எழுதியிருந்தார்.

பிராங்குக்கு இந்த எண்ணம் திடீரென உதித்ததல்ல. பாறைகளிலும் மரப்பட்டைகளிலும் படரும் லைக்கன் உண்மையில் ஓர் அல்காவும் ஒரு பங்கசும் சேர்ந்த வாழ்வு என்று சுவிற்சர்லாந்துக்காரரான சுவெண்டனர் 1860களின் இறுதியில் சொல்லிக் கடும் ஏளனத்துக்கு ஆளானார். அந்த உறவைக் குறிக்க, யார் யாரைச் சுரண்டுகிறார்கள் என்ற தீர்ப்பைச் சொல்லாத ஒரு சொல் வேண்டுமென்று 1877 இல் பிராங்க் ஒரு சொல்லை ஆக்கினார். அதையொத்த சொல்லை அடுத்த ஆண்டு புகழ்பெற்ற அன்ரன் டி பாரி தமது உரையொன்றில் பயன்படுத்தினார். ஒன்றிய வாழ்வு என்று நாம் தமிழில் சொல்லும் கருத்தின் தந்தை என்ற புகழ் டி பாரிக்குப் போயிற்று. பெரிய பெயருள்ளவர் சொன்னால்தான் செய்தி என்பது பத்திரிகைத் துறையில் மாத்திரம் உள்ள வழக்கம் அல்ல.

போலந்தைச் சேர்ந்த பிரான்சிஸ்செக் காமியென்ஸ்கியையும் இங்கு மறக்கக்கூடாது. பச்சையமே இல்லாமல் வெளிறிய நிறத்தில் காட்டுத் தரையில் முளைக்கும் மொனோட்றோப்பா என்ற பூச்செடியை அவர் ஆராய்ந்தார். ஒளித்தொகுப்புச் செய்யமுடியாத செடிக்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது? வேரை மூடிய பங்கசின் மூலமே என்று 1880களின் தொடக்கத்தில் எழுதினார். பிராங்கின் கட்டுரைக்கு முந்தியது அது.

எதிர்ப்புக்கு முகங்கொடுக்க பிராங்க் பரிசோதனையில் இறங்கினார். சூடாக்கிக் கிருமி நீக்கிய மண்ணில் ஒரு தொகுதி நாற்றுகளும், சாதாரண காட்டு மண்ணில் இன்னொரு தொகுதியும் வளர்ந்தன. பங்கசு இருந்த மண்ணில் நின்றவையே செழித்தன. ஆனால் சூடாக்கிய மண் பழைய மண் அல்ல, அதன் இரசாயனமே மாறியிருக்கும் என்று மறுப்பதற்கு இடமிருந்தது. விவாதம் தீராமலே 1900 இல் பேர்லினில் பிராங்க் காலமானார். அப்போது அவருக்கு வயது 61.

அதன் பிறகு இந்தக் கேள்வியை உயிரோடு வைத்திருந்ததில் தாவரவியற் பேராசிரியர்களைவிட வன இலாகா உத்தியோகத்தர்களுக்கே பெரிய பங்குண்டு என்பது என் எண்ணம். காலனிய அரசுகள் தமக்குப் பழக்கமான பைன் மரங்களைப் பூமத்திய ரேகைக்குத் தெற்கேயும் வெப்ப நாடுகளிலும் நடத் தொடங்கின. விதை முளைக்கும். நாற்று ஒரு சாண் வளரும். பின்னர் மஞ்சளித்து நின்றுவிடும். உரம் போட்டும் பயனில்லை. மேற்கு அவுஸ்திரேலியாவின் வன அதிகாரி கெசெல் 1927 இல் எழுதிய கட்டுரை இதைத் தெளிவாகச் சொன்னது. நன்றாக வளரும் பழைய நாற்றுமேடையிலிருந்து மண்ணை அள்ளிவந்து புதிய மேடையில் தூவினால் நாற்றுகள் பச்சை பிடித்தன. மண்ணில் உயிருள்ள ஏதோ ஒன்று பைனுக்குத் தேவைப்படுகிறது. அது இந்தத் தேசங்களின் மண்ணில் இல்லை. விதை கப்பலேறி வந்தது. அதன் பங்கசோ சொந்த ஊரிலேயே நின்றுவிட்டது.

இதில் மிகத் துலக்கமான சம்பவம் கரிபியன் கடலிலுள்ள புவேர்ட்டோ ரிக்கோ தீவில் நடந்தது. 1930கள் தொடக்கம் அங்கே பைன் நடும் முயற்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. 1955 இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துப் பைன் காடொன்றின் மேல்மண்ணைக் கொண்டுவந்து, குன்றிப்போய் நின்ற 32 நாற்றுகளின் வேர்களில் இட்டார்கள். அருகிலேயே அதே மாதிரியான நாற்றுகளை மண் இடாமல் விட்டார்கள். ஒரு வருடத்தில் மண் இட்டவை ஒன்றரை மீற்றர் வரை உயர்ந்தன. இடாதவற்றில் பெரும்பாலானவை செத்துப்போயின. பிராங்க் காலமாகி 55 வருடங்களின் பின்னர் அவருக்காக மரங்களே சாட்சி சொல்லின என்றுதான் எனக்கு எழுதத் தோன்றுகிறது. ஆனால் இப்படி எழுதப்போய்த்தான் முன்னர் மாட்டிக்கொண்டேன், நிறுத்திக்கொள்கிறேன்.

ஆய்வுகூடத்திலும் இதற்கிடையில் வேலை நடந்தது. சுவீடனில் உப்சாலாவைச் சேர்ந்த எலியாஸ் மெலின் 1920களில், கிருமியில்லாத குடுவைக்குள் பைன் நாற்றையும் தனியாக வளர்த்த பங்கசையும் சேர்த்து மைக்கொறைசாவை உருவாக்கிக் காட்டினார். எந்தக் காளானின் இழை எந்த மரத்தின் வேரில் சேர்கிறது என்பது அதன்பின் ஊகமாக இல்லாமல் போனது. 1950களில் கதிரியக்கப் பொஸ்பரசைப் பங்கசுக்கு மாத்திரம் எட்டுமாறு வைத்தபோது அது பைனுக்குள் சென்றது. பைனின் இலை உள்ளெடுத்த கதிரியக்கக் காபன் பங்கசுக்கு வந்தது. கொடுக்கல் வாங்கல் இருபக்கமும் நடப்பது அளவையால் நிரூபணமாயிற்று.

நம்பாமை முடிவுக்கு வருவதற்கு முன்னரே மிகைநம்பிக்கை தொடங்கிவிட்டது. அதன் ஒரு காட்சி இலங்கையிலும் நடந்தது. இந்தியாவில் நீண்டகாலம் பணியாற்றி, கூட்டெரு தயாரிக்கும் இந்தூர் முறையால் புகழ்பெற்ற சேர் அல்பேர்ட் ஹவார்ட் 1937-38 இல் இந்திய, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தார். தேயிலை வேர்களில் மைக்கொறைசா இருப்பது அவருக்குப் பெரும் உற்சாகத்தைக் கொடுத்தது. கூட்டெரு போட்டால் அந்தப் பங்கசு பெருகும், வேர் அதைச் செரித்து உண்ணும், பயிரின் தரமும் நோயெதிர்ப்பும் அதிலிருந்தே வருகின்றன என்று 1940 இல் வெளியான தமது நூலில் ஒரு முழுக் கொள்கையையே கட்டினார். தேயிலை வேரில் பங்கசு இருப்பது உண்மை. அது ஓக், பைன் மரங்களில் உள்ளது போல வேருக்கு உறை போடும் வகை அல்ல. வேர்க் கலங்களுக்குள்ளேயே நுண்ணிய மரம்போலக் கிளைவிடும் வேறு வகை. கோப்பி, நெல், தென்னை என்று நமது பயிர்களில் பெரும்பாலானவை இந்த வகையையே சார்ந்திருக்கின்றன. அதன் முக்கிய உதவி மண்ணில் நகராமல் கிடக்கும் பொஸ்பரசை எடுத்துக் கொடுப்பது. உயிருள்ள மென்சவ்வுகளின் ஊடாக அது நடக்கிறது. செரித்து உண்பதால் அல்ல. ஹவார்ட் கூட்டெருவின் நன்மையைச் சரியாகவே கண்டார். அதற்கு அவர் சொன்ன காரணத்தில்தான் கண்ணால் கண்டதைக் கடந்து சென்றுவிட்டார்.

மொனோட்றோப்பாவின் புதிரும் ஒருவாறு அவிழ்ந்தது. 1960 இல் சுவீடன் நாட்டு பியோர்க்மன் கதிரியக்கச் சீனியை மரங்களுக்குள் செலுத்தியபோது அது அருகில் முளைத்திருந்த மொனோட்றோப்பாவில் வெளிப்பட்டது. மரத்திலிருந்து பங்கசு, பங்கசிலிருந்து செடி. காமியென்ஸ்கி சரியாகவே சொல்லியிருந்தார். ஆனால் இதை மரத்தின் ஈகை என்று சொல்லமுடியாது. செடி மரத்துக்கு எதையும் திருப்பிக் கொடுப்பதாகத் தெரியவில்லை. தமிழில் இதற்குப் பெயர் களவு.

இனி என்னுடைய 1997. சுசான் சிமார்ட்டும் ஐந்து சக ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை அது. உலகளாவிய வலை என்ற அக்காலப் புதுச்சொல்லை ஒலியால் எதிரொலித்து, 'காட்டு வலை' என்ற பொருளில் ஒரு சொற்சிலம்பத்தை 'நேச்சர்' தன் அட்டையில் போட்டது. அந்தச் சொல் உலகமெங்கும் ஓடியது. என் மேசைக்கும் வந்தது. பின்னர் தாய்மரம் என்ற கருத்து வளர்ந்தது. 2021 இல் சிமார்ட்டின் நூலுக்கு அதுவே தலைப்புமாயிற்று. முதிய மரம் தன் பிள்ளைகளை அடையாளம் கண்டு பங்கசு வழியாக ஊட்டுகிறது, ஆபத்தை எச்சரிக்கிறது என்று நூல்களும் திரைப்படங்களும் சொன்னதை நானும் சந்தோஷமாகவே வாசித்தேன். என் வாக்கியம் மெய்யாகிவிட்டது அல்லவா!

2023 பெப்ரவரியில் யஸ்ரின் கார்ஸ்ட், மெலனி ஜோன்ஸ், ஜேசன் ஹோக்செமா ஆகிய மூவர் இந்தத் துறையின் களஆய்வுகளை எல்லாம் மறுபடி எடுத்துப் பரிசீலித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மூவரும் இத்துறையிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர்கள். அவர்களில் மெலனி ஜோன்ஸ், 1997 கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர். மரங்களைப் பங்கசு வலை இணைப்பது காடுகளில் பரவலான நிலை என்பதற்கும், அதன் வழியாகச் சென்ற உணவால் நாற்றுகள் நன்மையடைகின்றன என்பதற்கும் களத்தில் உள்ள ஆதாரம் போதாது. முதிய மரங்கள் தம் பிள்ளைகளைத் தேர்ந்து ஊட்டுகின்றன என்பதற்குக் களத்தில் செய்து பிரசுரிக்கப்பட்ட ஆதாரமே கிடையாது என்பது அவர்கள் முடிவு. பத்திரிகையாளர்களை மாத்திரம் அவர்கள் குறைசொல்லவில்லை. விஞ்ஞானிகளும் தமது கட்டுரைகளில் பழைய முடிவுகளை அளவுக்கு மிஞ்சி மேற்கோள் காட்டிவந்திருப்பதை எண்ணிக் காட்டினார்கள். சிமார்ட் தமது ஆய்வில் உறுதியாகவே நிற்கிறார். விவாதம் தொடர்கிறது.

இதனால் பிராங்க் தோற்றுவிட்டார் என்று யாரும் எண்ணவேண்டாம். பங்கசுக்கும் வேருக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலில் எந்த ஐயமும் இல்லை. ஸ்கொட்லாந்தின் றைனி என்ற இடத்தில் கிடைத்த, சுமார் 40 கோடி ஆண்டுகள் பழைமையான தாவரப் புதைபடிவங்களின் கலங்களுக்குள்ளேயே மரம்போலக் கிளைவிட்ட பங்கசு காணப்பட்டிருக்கிறது. வேர் என்ற உறுப்பு ஒழுங்காக உருவாவதற்கு முன்னரே இந்த உறவு இருந்திருக்கிறது. நமது சிங்கராஜ வனத்தின் ஹொர மரமும் அதன் இனத்தவையும் பிராங்க் கண்ட அதே உறையைத்தான் வேரில் போர்த்தியிருக்கின்றன. ஐயத்துக்குரியது ஒரு மரத்துக்கும் இன்னொரு மரத்துக்கும் இடையிலான வழிதான். நான் 1997 இல் எழுதிய வாக்கியம் சரியாக அந்த இடத்தில் விழுந்திருந்தது.

ஆகவே அந்த ஆசிரியரின் கேள்விகளுக்கு அன்றே நான் பிரசுரித்திருக்க வேண்டிய பதிலை இங்கு எழுதிவைக்கிறேன். பெயர் குறிப்பிடவில்லை, வாசிக்க நேர்ந்தால் தமது கடிதம் என்று அவருக்குத் தெரியும்.

ஐயா, சோதிக்கப்பட்டவை நாற்றுகள். பேர்ச், டக்ளஸ் பேர், சீடார் என மூன்று இனங்களை அருகருகே நட்டு, பேர்ச், டக்ளஸ் பேர் நாற்றுகளைப் பைகளால் மூடி, ஒன்றுக்கு ஒரு வகைக் காபன் சமதானியையும் மற்றதற்கு இன்னொரு வகையையும் கொடுத்தார்கள். தாயும் பிள்ளையும் அங்கே இல்லை. அவை வெவ்வேறு இனங்கள். டக்ளஸ் பேர் நாற்று நிகரமாகப் பெற்றது, ஒளித்தொகுப்பால் அது உள்ளெடுத்த சமதானிக் காபனின் அளவோடு ஒப்பிட்டால் சராசரியாக 6 சதவீதம். நிழலில் நின்றபோது கூடுதலாகப் பெற்றது. மூன்றாவது கேள்விதான் கடினமானது. சீடாரின் பங்கசு வேறு வகையானது என்பதால் அதை ஒப்பீட்டுக்கு வைத்திருந்தார்கள். அதற்குள்ளும் சிறிதளவு காபன் போயிருந்தது. அந்தச் சிறிதளவு மண்ணின் வழியாகப் போயிருக்கலாம். ஆகவே மீதி பங்கசின் வழி என்று கணித்தார்கள். சீடாரும் டக்ளஸ் பேரும் மண்ணிலிருந்து காபனை ஒரே அளவில் எடுக்கும் என்று கொண்டால் மாத்திரமே அந்தக் கணிப்பு நிற்கும். அதைத்தான் நீங்கள் கேட்டிருந்தீர்கள்.